மேடைக்கு வந்த வீட்டுக்கதை

பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு உரியவளாக்கும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் நிலவியது. அதனைச் சட்டத்தால் ஒழிக்க முனைந்தவர் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலெட்சுமி. அவருடைய தாய் சந்திரம்மாள் அம்மரபில் வந்தவர். அதே கொடுமையைக் கதையாக எழுதி ஊரறியச் செய்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்.

1883இல் பிறந்த இராமாமிர்தத்தை, வறுமையின் காரணமாகப் பெற்றோர் இளமையிலேயே தாசி ஒருவரிடம் ஒப்படைத்தனர். ஆடலும் பாடலும் கற்றார். தமக்கென வகுக்கப்பட்ட வாழ்வை மட்டும் ஏற்க மறுத்தார். இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். அக்காலத்தில் இம்மணமே ஒரு போராட்டம்தான். முதலில் காங்கிரசிலும் பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றினார். ஊர்ஊராகச் சென்று, பொட்டுக்கட்டும் வழக்கத்தைக் கைவிடுமாறு தம் மரபுப் பெண்களிடமே வாதாடினார்.

சட்டமன்றத்தில் முத்துலெட்சுமி எழுப்பிய குரலுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. பண்பாடு அழியுமென்றனர் சிலர். அவ்வாறு பேசியோர் அவ்வீடுகளின் உள்ளறையைக் கண்டவரல்லர். இராமாமிர்தம் அங்கேயே வளர்ந்தவர். 1936இல் வெளிவந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினத்தில் அந்த உள்ளறையைத் திறந்துகாட்டினார். காந்தா, கானவதி என்னும் பெண்கள் செல்வரை மயக்கிப் பொருள் பறிக்கின்றனர். அத்தொழிலை அவர்களுக்குப் பழக்குபவள் பெற்ற தாயே. தலைப்பை மட்டும் பார்ப்போர் இது பெண்களைப் பழிக்கும் நூலென எண்ணக்கூடும். மகளுக்கு வேறு வழியே இல்லாமல் செய்த வழக்கத்தின்மீதும், அதற்குப் பொருள் ஈந்த மைனர்கள்மீதும் நூலின் சினம் பாய்கிறது. பிற்பகுதியில் கதைமாந்தரே மேடையேறி இம்முறையை ஒழிக்க வாதிடுகின்றனர். கதையோட்டம் அங்கே தளர்வது உண்மையே. எனினும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த பெண்களின் குரல் பொதுமன்றத்தை அடைவதும் அங்கேதான்.

1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்த படையில் அம்மையாரும் சென்றார். அவ்வாண்டே சிறையும் புகுந்தார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியபோது, புதினம் வெளிவந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. அம்மையார் 1962இல் மறைந்தார். அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரி செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் உயர்கல்வி உறுதித் திட்டம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.