தமிழுக்கு விசை தந்த முத்தையா

தஞ்சை, கும்பகோணம் தட்டச்சுப் பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகள் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டார்கள். அந்தப் பொறியைத் தமிழ் எழுத வைத்தவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். சிங்கப்பூரில் கம்பெனி வேலை பார்த்தவர்.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, தமிழுக்கோ 247! அத்தனைக்கும் விசை வைக்க இடம் ஏது? ஒவ்வொரு தட்டுக்கும் தாள் நகர்வது பொறியின் வழக்கம். முத்தையா நகரா விசையை அமைத்தார். புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து 'க' தட்டினால் அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும்! ஜெர்மனியில் பொறிகள் தயாராயின.

பின்னாளில் கணினி வந்தது; விசைப்பலகைகள் பலவாயின. ஒன்றில் பழகிய விரல் மற்றொன்றில் தடுமாறியது. 1999-ல் தமிழக அரசு 'தமிழ்99' என்ற பொது அமைப்பை ஏற்றது. ஆயினும் தட்டச்சு பயின்றோரின் உழைப்பு வீணாகவில்லை. பழைய விசை வரிசைக்கும் கணினியில் இடம் கிடைத்தது.