பெட்டியில் எழுதிய பெயரா? பாண்டு மாஸ்டர் சூசாவின் கதை

அமெரிக்காவில் பாண்டு வாத்தியம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் ஜான் பிலிப் சூசா. பட்டாளம் நடைபோடும்போது வாசிக்கும் மார்ச் இசையில் அவரை மிஞ்சியவர் இல்லை. மார்ச் மன்னர் என்றே உலகம் அவரை அழைத்தது.

ஆனால், அந்தப் பெயரே அவருடையது அல்ல என்று ஒரு கதை பரவியது. அதுவும் அவர் உயிரோடு இருந்தபோதே!

அவர் ஒரு ஜெர்மானியர், உண்மைப் பெயர் சிகிஸ்மண்ட் ஓக்ஸ் என்றார்கள் சிலர். இல்லை, அவர் சாம் ஆக்டன் என்ற இங்கிலாந்துக்காரர் என்றார்கள் வேறு சிலர். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறிய அந்த மனிதர், தம் பெட்டியின் மேல் பெயரின் முதல் எழுத்துகளான எஸ், ஓ என்பதை எழுதினாராம். போய்ச் சேரவேண்டிய நாட்டைக் குறிக்க யு, எஸ், ஏ என்று பக்கத்தில் எழுதினாராம். ஐந்து எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் சூசா! அதையே பெயராக வைத்துக்கொண்டார் என்பது கதை.

சூசா பலமுறை இதை மறுத்தார். கதை ஓயவில்லை. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை நம்பினால், ஒரு மனிதர் காணாமற் போய்விடுகிறார். அவர்தான் சூசாவின் தந்தை.

தந்தையார் யார்?

குடும்பப் பதிவுகளையும் படைப் பதிவுகளையும் பார்த்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

தந்தையார் ஜான் அன்டோனியோ சூசா 1824-ல் ஸ்பெயினில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் போர்ச்சுகீசியர்கள். சூசா என்பது போர்ச்சுகலில் நெடுங்காலமாக வழங்கிவரும் குடும்பப் பெயர். நம் நாட்டில் கோவா, மங்களூர்க் கிறிஸ்தவர்களிடையே டிசூசா என்று வழங்குவதும் இதே பெயர்தான்.

அன்டோனியோ அமெரிக்காவுக்கு வந்து, மரைன் படையின் பாண்டில் டிராம்போன் வாசித்தார். மனைவி எலிசபெத், ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர். இவர்களுடைய பத்துக் குழந்தைகளில் மூன்றாவது ஜான் பிலிப். 1854 நவம்பர் 6-ல் வாஷிங்டன் நகரில், மரைன் படை முகாமுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தார்.

ஆக, சூசா எந்தக் கப்பலிலும் வந்து இறங்கியவர் அல்லர். பெட்டியும் இல்லை, முத்திரையும் இல்லை. தந்தை கொடுத்த பெயர் அது.

சர்க்கஸ் ஆசை

பையனுக்கு வயது பதின்மூன்று. வயலின் நன்றாக வாசிப்பான். அதைக் கேட்ட ஒரு சர்க்கஸ் பாண்டுக்காரர் தம்மோடு வந்துவிடும்படி ஆசை காட்டினார். பையனும் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவிடத் தயாரானான்.

செய்தி தந்தையின் காதுக்கு எட்டியது. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. மகனைக் கையோடு முகாமுக்கு அழைத்துப்போய், தாம் வாசித்த அதே பாண்டில் பயிற்சிப் பையனாகச் சேர்த்துவிட்டார். இது நடந்தது 1868-ல்.

1875-ல் படையை விட்டு வெளியேறிய சூசா, நாடகக் கொட்டகைகளில் வாத்திய கோஷ்டிகளை நடத்தினார். 1880-ல் மரைன் பாண்டு அவரைத் திரும்ப அழைத்தது. இம்முறை பயிற்சிப் பையனாக அல்ல, தலைவராக! அப்போது அவருக்கு வயது 25. பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து, ஐந்து ஜனாதிபதிகளின் முன்னிலையில் பாண்டை நடத்தினார்.

1889-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை நடத்திய கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு விழாவுக்காக ஒரு மார்ச் அமைத்தார். அது கடல் கடந்தும் புகழ் பெற்றது. ஆனால் அதன் உரிமையை அவர் விற்றது வெறும் 35 டாலருக்கு! லாபம் முழுவதும் பதிப்பாளருக்கே போயிற்று.

கப்பலில் பிறந்த கீதம்

1892-ல் தந்தையார் காலமானார். அதே ஆண்டு சூசா படையிலிருந்து விலகிச் சொந்த பாண்டு தொடங்கினார்.

1896-ல் ஐரோப்பாவில் இருந்தபோது, பாண்டின் நிர்வாகி இறந்துவிட்ட செய்தி வந்தது. உடனே ஊருக்குத் திரும்பினார். கப்பல் தளத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தவரின் மனத்தில் ஒரு மெட்டு ஒலித்துக்கொண்டே வந்தது. கரை சேர்ந்ததும் அதை எழுதி வைத்தார். அதுவே 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபார்எவர்'. 1987-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அதைத் தேசிய மார்ச் ஆக்கிச் சட்டம் இயற்றியது.

1917-ல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. அறுபத்திரண்டு வயது சூசா கடற்படையில் சேர்ந்து, மாதம் ஒரு டாலர் சம்பளத்தில் இளைஞர்களுக்குப் பாண்டுப் பயிற்சி அளித்தார்.

1932 மார்ச் மாதம். பென்சில்வேனியாவில் உள்ள ரெடிங் நகரில் உள்ளூர்ப் பாண்டு ஒன்றுக்கு ஒத்திகை நடத்தினார். கடைசியாக வாசிக்கச் செய்தது அதே கீதம். அன்றிரவு ஓட்டலில் மாரடைப்பால் காலமானார். வயது 77.

பிறந்த வீட்டுக்கு அதிக தூரமில்லாத காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். டிராம்போன் வாசித்த தந்தை அன்டோனியோ சூசாவும் அதே தோட்டத்தில்தான் துயில்கிறார்.