பீப்பாய் செய்பவரின் மகள்: புனித மதலேன் சோபி பாரா

கான்வென்ட் பள்ளி என்றவுடன் சத்தமின்றிச் செல்லும் வரிசையும், நற்பிள்ளைகள் தோளின் குறுக்கே அணியும் பட்டு நாடாவும், பரிசளிப்பு நாளும், திருநாள் விடுமுறையும் நம்மில் பலருக்கு நினைவு வரும். பெண்கள் பள்ளிகளில் இவ்வழக்கங்கள் வேரூன்றக் காரணமானவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், திரு இருதய சபையை நிறுவிய புனித மதலேன் சோபி பாரா. இத்தனை பள்ளிகளைத் திறந்த இந்த அன்னைக்குத் தாம் கற்ற பள்ளி என்று ஒன்று இருந்ததில்லை என்பதுதான் வியப்பு. அவர் கற்றதெல்லாம் வீட்டில், அண்ணனிடம்.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலுள்ள ஜுவாஞி என்னும் சிற்றூரில், 1779 டிசம்பர் 12-ஆம் நாள் இரவு அண்டை வீடு தீப்பற்றி எரிந்தது. அந்த அதிர்ச்சியில் தாய்க்குக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை சோபி. பிழைக்காது என்று அஞ்சி, விடிந்ததும் கோவிலுக்கு எடுத்துச் சென்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதினொரு வயது அண்ணன் லூயியே ஞானத்தந்தை. தகப்பனார் மதுப் பீப்பாய் செய்யும் தொழிலாளி. கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் உண்டு.

குருமடத்தில் படித்த லூயி, தங்கைக்குத் தாமே ஆசானானார். அந்நாளில் ஆண்பிள்ளைகளுக்கே உரியனவாகக் கருதப்பட்ட இலத்தீனையும் கிரேக்கத்தையும் கணிதத்தையும் அவளுக்குப் புகட்டினார். கண்டிப்போ அளவு மீறியது. தங்கை தன் கையால் ஆசையோடு செய்து கொடுத்த அன்பளிப்பை அவர் அடுப்பில் போட்டு எரித்ததாக அவருடைய வரலாறுகள் கூறுகின்றன. பற்றுகளை அறுக்கும் பயிற்சி என்று அதற்குப் பெயர் சொல்வார்கள். நமக்கென்னவோ அதைப் பாராட்ட மனம் வரவில்லை. புரட்சிக் காலத்தில், 1793-இல், லூயி சிறைப்பட்டு, கொலைக் கருவிக்குத் தப்பி, 1795-இல் விடுதலை பெற்றார். பிறகு குருப்பட்டம் பெற்றுத் தங்கையைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அங்கும் படிப்பு, தவம், மறுபடியும் படிப்பு. விளையாட்டுக்கு இடமில்லை.

கார்மேல் மடத்தில் பணிச் சகோதரியாகச் சேர்ந்து மறைந்து வாழவே சோபி விரும்பினார். ஆனால் வாரேன் என்னும் குரு, இவரது கல்வியைக் கண்டு, இது மறைத்து வைக்கத்தக்க விளக்கன்று என்று உணர்ந்தார். புரட்சியில் மடங்களும் அவற்றின் பள்ளிகளும் மூடப்பட்டு, பெண் பிள்ளைகள் கல்வியின்றி வளர்ந்து கொண்டிருந்த நேரம் அது. 1800 நவம்பர் 21-ஆம் நாள், மாதா தேவாலயத்தில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட திருநாளன்று, சோபி வேறு மூவருடன் தம்மை அர்ப்பணித்தார். மறு ஆண்டே அமியேன் நகரில் முதல் பள்ளி தொடங்கியது. 23 வயதில் அவ்வீட்டின் தலைவியானார். 1806-இல் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் சபைக்கு ஆயுட்காலத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அப்பொறுப்பு அவரை விடவில்லை.

இனி அப்பள்ளிகளின் வாழ்க்கையைச் சற்றுப் பார்ப்போம். பாடத்திட்டம் அமியேனிலேயே வகுக்கப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. தையலோடும் நல்ல பழக்கவழக்கங்களோடும் நின்றுவிடாமல் வரலாறு, இலக்கியம், கணக்கு என்று பிள்ளைகள் கருத்தூன்றிக் கற்க வேண்டும் என்பதில் அன்னை உறுதியாயிருந்தார். நாளடைவில் வேரூன்றிய வழக்கங்கள் பல. வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடும்; பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து ஒவ்வொருவராக வந்து முழங்கால் மடக்கி வணங்கி, அவ்வார நடத்தைக்குரிய சீட்டைத் தலைவியின் கையால் பெறுவர். மிக நன்று என்றிருக்கும் சீட்டைப் பெற்றவள் மகிழ்வாள். ஒரு படி குறைந்தால் அந்த வாரம் முழுதும் முகம் வாடும். பொறுப்புள்ள மூத்த மாணவிகளுக்கு நீல நாடா. அதற்குச் சகமாணவிகளின் வாக்கும் வேண்டும் என்பது இதன் சிறப்பு. ஆசிரியைக்கு மட்டும் நல்லவளாக நடித்து நாடா பெற முடியாது!

மாலையில் ரொட்டியும் இனிப்பும் கொடுக்கும் சிற்றுண்டி நேரத்துக்குக் 'கூத்தே' என்று பெயர். நம் காதுக்கு அது வேறுவிதமாய் ஒலித்தாலும், அந்நேரத்து ஆரவாரத்துக்கு அப்பெயர் பொருந்தும். எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஏங்கிக் காத்திருந்தது 'கோஞ்சே' என்னும் திடீர் விடுமுறைக்கே. எந்த நாள் என்பது கடைசி வரை இரகசியம். அன்று பாடம் கிடையாது. வீடு முழுவதும் கண்ணாமூச்சி விளையாட்டு. மற்ற நாள்களில் நுழையக் கூடாத மூலைகளும் அன்று திறந்திருக்கும். கன்னியரும் சேர்ந்து விளையாடுவர். விளையாட்டில்லாத தம் சிறு வயதை அன்னை மறவாததால்தான் இவ்வழக்கம் செழித்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

உரோமை நகரில் 1828-இல் பெற்ற திரினித்தா மடத்தில், 1844-இல் பவுலின் பெர்துரோ என்ற இளம்பெண் சுவரில் மாதாவை வரைந்தார். வானத்து இராக்கினியாக அல்ல. நூல் நூற்று, பக்கத்தில் புத்தகக் கூடை வைத்திருக்கும் பள்ளிச் சிறுமியாக, உரோசா நிற ஆடையில். நிறம் கண்ணைப் பறிக்கிறதென்று முதலில் திரையிட்டு மூடினார்களாம். சுண்ணாம்பு உலர்ந்ததும் அது இனிய சாயலாயிற்று. 1846 அக்டோபர் 20-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதைத் தரிசித்தார். அதுமுதல் அந்நாள் திரு இருதயப் பள்ளிகளுக்கெல்லாம் திருநாள்.

இவ்வளவும் பணமுள்ள வீட்டுப் பெண்களுக்குத்தானே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடுதிப் பள்ளிகளில் பிரபுக்கள் குலத்துப் பெண்களே மிகுந்திருந்தனர். ஆனால் விடுதிப் பள்ளியோடு ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியும் நடத்த வேண்டும் என்பதில் பீப்பாய்த் தொழிலாளியின் மகள் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே பெற்ற கட்டணம் அங்கே அரிச்சுவடியாயிற்று. 1818-இல் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பிய புனித பிலிப்பின் தூஷேன், மிசூரி மாநிலத்தின் செயின்ட் சார்லஸ் ஊரில் இலவசப் பள்ளி தொடங்கினார். எனினும் இரண்டு வாசல்கள் இரண்டாகவே இருந்தன. மடத்துக்குள்ளும் கற்பிக்கும் கன்னியர், பணிச் சகோதரிகள் என்ற பிரிவு 1964 வரை நீடித்தது. அமெரிக்க வீடுகளில் அடிமைகளின் உழைப்பு பயன்படுத்தப்பட்டதையும் மறைப்பதற்கில்லை. 2018-இல் சபையாரே லூயிசியானாவின் கிராண்ட் கோட்டோவில் அம்மக்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து நினைவுகூர்ந்தனர்.

அன்னைக்குச் சோதனைகளும் குறைவில்லை. 1839-இல் சபையின் சட்டதிட்டங்களை மாற்றியதால் உரோமையா பாரிசா என்று சபையே பிளவுபடும் நிலை வந்தது. இரு பக்கமும் அவரைக் குறை கூறின. அவர் யாரையும் பழிக்காமல் பொறுத்திருந்தார். 1843-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரியாரின் முடிவினால் பழைய சட்டமே நிலைத்தது. அடிக்கடி நோயுற்ற உடம்போடு குதிரை வண்டிகளில் ஐரோப்பாவைச் சுற்றினார். அவர் எழுதிய கடிதங்களில் ஏறத்தாழ 14,000 காக்கப்பட்டுள்ளன.

1865 மே 25-ஆம் நாள், ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளன்று, பாரிசில் 85-ஆம் வயதில் உயிர்நீத்தார். 1904-இல் பிரெஞ்சு அரசின் சட்டத்தால் கன்னியர் வெளியேற வேண்டியிருந்தபோது அவரது உடலைப் பெல்ஜியம் நாட்டு ஜெத் நகருக்குக் கொண்டு போயினர். பாரிசில் அவர்கள் விட்டுச் சென்ற பிரோன் மாளிகை பின்னர் சிற்பி ரோதேனின் காட்சியகமாயிற்று. 1925 மே 24-இல் பாப்பரசர் பதினொன்றாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பம்பாயில் 1940-இல் தொடங்கிய கல்லூரியும், பெங்களூரில் 1949-இல் தொடங்கிய பள்ளியும் சோபியா என்ற அவரது பெயரையே தாங்கின. 2009-இல் அவரது திருவுடல் பாரிசுக்குத் திரும்பி, புனித பிரான்சிசு சவேரியார் ஆலயத்தில் வைக்கப்பட்டது.