இமாம் ஷாஃபிஈ

இஸ்லாமியச் சட்டவியலை முறைப்படுத்திய பேரறிஞர்களுள் ஒருவர் இமாம் ஷாஃபிஈ. அவரது இயற்பெயர் முகம்மது. தந்தையின் பெயர் இத்ரீஸ். பாலஸ்தீனத்தின் காஸா நகரில் கி.பி. 767ஆம் ஆண்டு அவர் பிறந்தார் என்பர்.

குழந்தைப் பருவத்திலேயே அவர் தந்தையை இழந்தார். அன்னை உறவினரை நாடி அவரை மக்கா நகருக்கு அழைத்துச் சென்றார். ஆசிரியருக்குக் கொடுக்க அன்னையிடம் பொருள் இல்லை. ஆயினும், ஆசிரியர் இல்லாத வேளைகளில் மற்றப் பிள்ளைகளுக்கு அச்சிறுவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆசிரியர் அதனையே கட்டணமாக ஏற்றுக்கொண்டார். ஏழு வயதிலேயே அவர் திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தார். எழுதத் தாள் வாங்க இயலாமையால் அகன்ற எலும்புகளில் எழுதினார். அவை நிறைந்ததும் பானையில் இட்டுப் பாதுகாத்தார்.

பின்னர் மதீனா சென்று, இமாம் மாலிக்கிடம் மாணவரானார். மாலிக் மறைந்தபின் ஏமன் நாட்டில் அரசுப் பணி ஏற்றார். அங்கே அவர்மீது பெரும்பழி விழுந்தது. ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி செய்வோருடன் சேர்ந்தார் எனச் சிலர் குற்றம் சாட்டினர். அவர் விலங்கிடப்பட்டு, கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் முன் நிறுத்தப்பட்டார். உயிர் பிழைப்பதே அரிது என்னும் நிலையில் அஞ்சாது தம் நிலையை எடுத்துரைத்தார். அவையிலிருந்த அறிஞர் முகம்மது அல் ஷைபானியும் அவருக்காகப் பரிந்து பேசினார். ஷாஃபிஈ விடுதலை பெற்றார். தமக்காகப் பேசிய அவ்வறிஞரிடமே கல்வி பயிலலானார்.

அக்காலத்தில் மதீனா அறிஞர்க்கும் ஈராக் அறிஞர்க்கும் இடையே கருத்து வேறுபாடுகள் மிகுந்திருந்தன. இருசாராரிடமும் கற்ற ஷாஃபிஈ, தீர்ப்புக் காணும் வழிமுறைகளை ‘அர் ரிஸாலா’ என்னும் நூலில் வகுத்துரைத்தார். முதலில் திருக்குர்ஆன், அடுத்து நபிவழி, பின்னர் சமுதாயத்தின் ஒருமித்த முடிவு, அதன்பின் ஒப்புநோக்கி ஆராய்தல் என நான்கு அடிப்படைகளை நிறுவினார்.

ஆராய்ச்சியின் இயல்பை விளக்க அவர் தொழுகையையே சான்றாகக் காட்டினார். கஅபாவைக் கண்ணால் காண்பவருக்குத் திசையில் ஐயமில்லை. தொலைவில் இருப்பவரோ விண்மீன், கதிரவன், மலை, காற்று ஆகியவற்றைக் கொண்டு திசையை ஆராய்ந்து அறிதல் வேண்டும். முயன்று ஆராய்ந்தபின் இருவர் இருவேறு திசைகளைக் கண்டால், அவரவர் கண்ட திசையில் தொழுதல் கடமை. முயற்சி செய்யாமல் மனம்போன திசையில் தொழுதல் தகாது.

வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர் எகிப்தில் குடியேறினார். அங்கு மீண்டும் ஆராய்ந்து, தம் முந்தைய தீர்ப்புகள் பலவற்றைத் தாமே மாற்றினார். முன்பு சொன்னதைக் காப்பதைவிட உண்மையைக் காப்பதே பெரிதென அவர் கருதினார். மாற்றுக் கருத்தினரையும் அவர் மதித்தார். வைகறைத் தொழுகையில் ‘குனூத்’ என்னும் வேண்டுதலை ஓதுவது அவரது வழக்கம். இமாம் அபூஹனீஃபாவின் அடக்கத்தலத்தருகே தொழுதபோது, அப்பெரியாரின் கருத்திற்கு மதிப்பளித்து அதனை ஓதாது விட்டார் எனக் கூறுவர்.

கி.பி. 820இல் அவர் மறைந்தார். கெய்ரோவில் உள்ள அவரது அடக்கத்தலத்தின் குவிமாட உச்சியில் சிறு படகு ஒன்று அமைந்துள்ளது. அவரது சட்டநெறி கடல்வணிகர் வழியே பல கரைகளை அடைந்தது. கேரளத்திலும், காயல்பட்டினம், கீழக்கரை போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களிலும் அந்நெறி பின்பற்றப்படுகிறது. வட இந்திய முஸ்லிம்களுள் பெரும்பாலோர் அபூஹனீஃபாவின் நெறியினர். தொழும் முறையில் சிறு வேறுபாடுகள் இருப்பினும், இருவரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுகின்றனர்.

சொற்பொருள்
மனனம் – நெஞ்சில் பதித்தல்
வைகறை – விடியற்காலம்
நெறி – வழி

வினாக்கள்
1. ஆசிரியர் எதனைக் கட்டணமாக ஏற்றுக்கொண்டார்?
2. திசை அறிதல் பற்றிய சான்றின் மூலம் ஷாஃபிஈ எதனை விளக்கினார்?
3. தாம் சொன்ன தீர்ப்பைத் தாமே மாற்றுவது பெருமையா, குறையா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.