இலவச ஆபரேஷன் இருந்தும் ஏன் வரலை? ஊருக்கே பஸ் அனுப்பிய டாக்டர் வெங்கடசாமியின் கதை

சேதராப்பட்டில் ஒரு பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷன் இலவசம்தான். ஆனா தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகணும்னா புதுச்சேரி டவுனைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும். பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு இருக்கு. துணைக்குப் போகிற மகனுக்கு அன்றைய சம்பளம் போச்சு. அப்புறம் பார்த்துக்கலாம் என்றே வருஷங்கள் ஓடிவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே பாதி வாழ்க்கையைச் செலவழித்தவர், அரவிந்த் மருத்துவமனைகளை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி. சுருக்கமா டாக்டர் வி.

யார் இவர்?

எட்டயபுரம் பக்கம் அயன்வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1-ம் தேதி விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். உறவுக்காரப் பெண்கள் 3 பேர் பிரசவ காலத்தில் இறந்துபோனது அவரை உலுக்கியது. மகப்பேறு மருத்துவர் ஆவது என்று முடிவெடுத்து, 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். பிறகு ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார்.

30 வயதை ஒட்டி முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுத்த படுக்கை. விரல்கள் கோணிப்போயின. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு முடிந்தது.

அந்தக் கையால் ஆபரேஷனா?

ஆமாம். கண் மருத்துவத்துக்கு மாறினார். தன் விரல்களுக்குத் தோதான கருவிகளைச் செய்துவைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தபோதே கிராம முகாம்களுக்குக் கிளம்பிவிட்டார். 1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

11 படுக்கையில் ஆரம்பம்

1976-ல் அரசுப் பணியில் ஓய்வு. அதே வருஷம் மதுரையில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீது கொண்ட ஈடுபாட்டால் அவர் பெயரையே வைத்தார். பணத்துக்குக் குடும்பமே நகைகளை அடகு வைத்தது. தங்கை நாச்சியார் உட்பட உடன்பிறந்தவர்கள் கூடவே நின்றார்கள்.

கணக்கு எளிமையானது. வசதி உள்ளவர்கள் கட்டும் கட்டணத்தில் வசதி இல்லாதவர்களுக்கும் சிகிச்சை. டாக்டர்கள் இரண்டு தரப்புக்கும் அதே ஆட்கள்தான். உள்விழி லென்ஸ் அன்று வெளிநாட்டிலிருந்து வரும்போது 100 டாலர் அளவில் விலை இருந்தது. 1992-ல் தொடங்கிய ஆரோலேப் அதைச் சுமார் 10 டாலருக்குத் தயாரித்தது.

முகாமும் பஸ்ஸும்

முகாமில் பரிசோதித்து, மருத்துவமனைக்கு வரச்சொல்லி எழுதிக்கொடுத்தால் பலர் வரவே இல்லை. காரணம் போக்குவரத்து, சாப்பாடு, துணை, பயம். அதனால் முகாம் முடிந்த கையோடு நோயாளிகளை பஸ்ஸில் ஏற்றிச்சென்று, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அதே பஸ்ஸில் வருவதால் பயமும் குறைந்தது.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. கண் கோளாறு உள்ள கிராமத்தினரில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கே வந்தார்கள் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முகாம் ஒரு நாள் நடந்துவிட்டுப் போய்விடும். கண் மங்குவது அந்த நாளுக்காகக் காத்திருக்காதே!

இதற்குப் பதிலாக, 2000-களில் ஊரிலேயே நிரந்தரமாக இயங்கும் சிறு கண் பரிசோதனை மையங்கள் வரத் தொடங்கின. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஊழியர் பரிசோதிப்பார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோ வழியாகப் பேசி முடிவு சொல்வார். கண்ணாடி போதும் என்றால் டவுனுக்கு அலைய வேண்டாம். இன்று இப்படி 100-க்கும் அதிகமான மையங்கள் உள்ளன.

புதுச்சேரி கிளை 2003-ல் தவளக்குப்பத்தில் தொடங்கியது. கடைசி வரை திருமணம் செய்துகொள்ளாத டாக்டர் வி, 2006 ஜூலை 7-ம் தேதி காலமானார்.

முகாம் நோட்டீஸ் இப்போது வாட்ஸ்அப் குரூப்பிலேயே வந்துவிடுகிறது. அதை ஃபார்வர்ட் செய்வதோடு நிறுத்தாமல், வீட்டுப் பெரியவர்களை அன்று காலை கையைப் பிடித்து அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையை எந்த மருத்துவமனையும் நமக்காகச் செய்துவிட முடியாது.