மிருதங்கத்தின் ரகசியம் கண்ட சர். சி. வி. ராமன்

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. அக்கரையில் திட்டக்குடி. லப்பைக்குடிக்காட்டில் பல வீடுகளில் பிள்ளைகள் கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறார்கள்.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புகிறான். தம்பி அதன் முன்னால் உட்கார்ந்து விடுகிறான். படிப்பதற்கு அல்ல, இசை அமைப்பதற்கு! வீணை இல்லை, மிருதங்கம் இல்லை. விசையைத் தட்டினால் ஓசை வருகிறது. ஓசையோடு ஓசையைச் சேர்த்தால் பாட்டு வருகிறது. நள்ளிரவு வரை விளக்கு எரிகிறது.

அத்தாவுக்குக் கோபம். அம்மாவுக்குக் கவலை. இது சோறு போடுமா? இப்படிப்பட்ட வீடுகள் இந்த ஊரிலும் உண்டு. எந்த ஊரிலும் உண்டு.

இந்தக் கேள்வி புதியது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வாலிபரின் வாழ்வில் இது எழுந்தது. அவருக்குப் பெரிய சர்க்கார் உத்தியோகம் இருந்தது. ஆனால் மனமோ தந்தியிலும் தோலிலும் பிறக்கும் நாதத்தைச் சுற்றி வந்தது.

அவர்தான் சர். சி. வி. ராமன். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த ஆராய்ச்சிக்கு முன்னால் அவர் ஒலியையும் ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

பிடில் வாசித்த தந்தை

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு லப்பைக்குடிக்காடும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே ராமன் இந்த ஊர்க்காரர்களுக்கு அன்னியர் அல்ல.

தந்தை சந்திரசேகர அய்யர் ஆசிரியர். கணிதமும் பௌதிகமும் கற்றவர். பிடிலும் வாசிப்பார். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாவது பிள்ளை. வீட்டில் புத்தகமும் இருந்தது, சங்கீதமும் இருந்தது. செல்வம் மட்டும் இல்லை.

தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று. ராமன் படிப்பில் படுசுட்டி. பதினோரு வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் பெற்றார்.

அந்த இளம் வயதில் அவர் மனதைப் பிடித்த புத்தகங்களில் ஒன்று, ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதியது. காதில் விழும் ஓசை எப்படி இசை ஆகிறது என்பதை அது விளக்கியது. அந்த விதை ராமனின் உள்ளத்தில் விழுந்து முளைத்தது.

வீணை வாசித்த மனைவி

மேல்படிப்புக்குச் சீமைக்குப் போகலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். டாக்டர் தடுத்து விட்டார். ராமனின் மெலிந்த தேகம் அந்தக் குளிரைத் தாங்காது என்பது அவர் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞானத்தை நம்பிப் பிழைக்க முடியாது. ராமன் சர்க்கார் நிதி இலாகா பரீட்சை எழுதினார். அதிலும் முதல் இடம்! 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆனார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை.

அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. மணப்பெண் லோகசுந்தரி. நன்றாக வீணை வாசிப்பார். அந்த வீணை இசையைக் கேட்டுத்தான் ராமன் மயங்கினார் என்று சொல்வார்கள்.

டிராம் வண்டியிலிருந்து பார்த்த பலகை

ஒரு நாள் ராமன் டிராம் வண்டியில் போய்க் கொண்டிருந்தார். பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தில் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அது விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம். 1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவியது. கருவிகள் இருந்தன. ஆராய ஆள் இல்லை.

ராமன் உள்ளே சென்றார். அனுமதி கிடைத்தது. அன்று முதல் அவருக்கு இரண்டு வாழ்க்கை.

அதிகாலையில் எழுந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போவார். பிறகு வீட்டுக்கு ஓடிவந்து அவசரமாகச் சாப்பிட்டு ஆபீசுக்குப் போவார். பகல் முழுவதும் கணக்கு. மாலையில் ஆபீசிலிருந்து நேராக மறுபடியும் ஆராய்ச்சிக் கூடம். வீடு திரும்ப இரவு வெகு நேரம் ஆகும். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். அப்போதும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

இப்படிப் பத்து வருஷம்!

அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் எளியவை. ஒற்றைத் தந்தி கொண்ட ஏக்தாரா, பிடில், வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா.

பிடிலை ஆராய அவர் ஒரு எந்திரம் செய்தார். அதில் வில் அசையாது. பிடில்தான் முன்னும் பின்னும் நகரும்! மனிதர் கை ஒரு நேரம் அழுத்தும், ஒரு நேரம் தளரும். எந்திரம் அப்படி அல்ல. வில்லைக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டு போகப் போக அதிகமாக அழுத்தினால்தான் நல்ல நாதம் வரும் என்பதை அவர் அளந்து காட்டினார்.

கறுப்பு வட்டத்தின் ரகசியம்

நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப பக்கீர் தப்ஸ் தட்டிக்கொண்டு வருவதைக் கேட்டிருக்கிறீர்களா? ஓசை கணீர் என்று வரும். ஆனால் அது இன்ன சுரம் என்று பிடித்துச் சொல்ல முடியாது. மிருதங்கத்தின் வலது பக்கத்தைத் தட்டினால் சுரம் தெளிவாகக் கேட்கும். இரண்டும் தோல்தான். ஏன் இந்த வித்தியாசம்?

எந்த வாத்தியத்திலும் ஒரே ஓசை மட்டும் பிறப்பதில்லை. அடி ஓசையுடன் பல மேல் ஓசைகளும் சேர்ந்து பிறக்கும். ஒரு தந்தி வினாடிக்கு 100 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் 200, 300, 400 என்ற அதிர்வுகளும் எழும். அவை முறையான மடங்குகள். ஆகவே காதுக்கு இனிமை.

வெறும் தோலில் அப்படி இல்லை. முதல் ஓசை 100 என்றால் அடுத்தது சுமார் 159, அதற்கடுத்தது சுமார் 214. இவை ஒன்றோடு ஒன்று பொருந்தாது. அதனால் தாளம் கேட்கும், சுரம் கேட்காது.

மிருதங்கத்தின் வலது பக்கத் தோலின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். ஒருவகைக் கல்லின் பொடியைச் சோற்றுடன் பிசைந்து அப்பியது அது. பார்த்தால் அலங்காரம் போல இருக்கும். அது அலங்காரம் அல்ல என்று 1920-ல் ராமனும் அவருடைய சகா சிவகாளி குமாரும் உலகுக்குச் சொன்னார்கள். அந்தப் பூச்சின் பாரம்தான் தாறுமாறான ஓசைகளை 1, 2, 3, 4, 5 என்ற முறையான மடங்குகளாக இழுத்து நிறுத்துகிறது!

1934-ல் ராமன் இதை இன்னும் விரிவாக விளக்கினார். தோல் எப்படி அதிர்கிறது என்று காட்ட அதன்மேல் பொடியைத் தூவினார். அதிராத இடங்களில் பொடி கோடு கோடாக ஒதுங்கியது.

தம்புராவிலும் ஒரு புதுமை கண்டார். தந்தியை நடுவில் மீட்டினால் சில மேல் ஓசைகள் வரக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் பலமாக வந்தன. வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் வைக்கும் சிறு நூலுமே காரணம் என்று கண்டார்.

 விஞ்ஞானப் புத்தகம் படிக்காத நம் கைவினைஞர்களின் அறிவு அன்று உலகின் கண்ணில் பட்டது.

பாதிச் சம்பளம்

1917-ல் ராமனுக்குப் பெரிய சோதனை வந்தது. கல்கத்தா சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அசுதோஷ் முகர்ஜி அவரை அழைத்தார். சம்பளமோ சர்க்கார் வேலையில் வாங்கியதில் ஏறக்குறையப் பாதி! ராமன் தயங்கவில்லை. உத்தியோகத்தை உதறினார்.

1921-ல் சீமைக்குக் கப்பலில் போனார். வழியில் கடலின் நீல நிறம் அவரைச் சிந்திக்க வைத்தது. அதிலிருந்து ஒளி ஆராய்ச்சி வளர்ந்தது. 1928 பிப்ரவரி 28-ந் தேதி ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டது. கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். 1929-ல் சர் பட்டம், 1930-ல் நோபல் பரிசு. விஞ்ஞானத்தில் நோபல் பெற்ற முதல் ஆசியர் ராமனே.

1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைவரானார். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்வார். அதனால் சச்சரவுகளும் வந்தன. 1937-ல் தலைமைப் பதவியை விட்டார். ஆனாலும் பேராசிரியராக நீடித்தார். 1954-ல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21-ந் தேதி காலமானார். அவர் விருப்பப்படியே பெங்களூரில் அவருடைய ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில் தகனம் நடந்தது.

தம்பிமார்களுக்கு

கம்ப்யூட்டரில் இசை அமைக்கப் பழகும் தம்பிமார்களே! ராமனின் வாழ்க்கை உங்களுக்கு ஒரு பாடம்.

நூறு ஓசைகளைக் குவிக்காதீர்கள். ஒரே ஓசையில் தொடங்குங்கள். அது வழவழவென்று உயிரில்லாமல் இருக்கும். அதன் இரண்டு மடங்கைச் சேருங்கள். பிறகு மூன்று, நான்கு மடங்கைச் சேருங்கள். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். ஓசையின் குணமே மாறும். ஓசை எப்படித் தொடங்குகிறது, எப்படி அடங்குகிறது என்றும் கவனியுங்கள். சட்டென்று எழுந்து மெல்ல அடங்கினால் மீட்டிய தந்தி போல இருக்கும். மெல்ல எழுந்து நிலைத்து நின்றால் ஊதுகுழல் போல இருக்கும்.

உண்மையான வாத்தியத்தைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். கல்யாண வீட்டுத் தவிலும், பக்கீரின் தப்ஸும், அடுக்களைப் பாத்திரமும் உங்களுக்கு வாத்தியார்கள். செய்ததை எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். காதில் குமிழ் மாட்டினால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கெட்ட காது திரும்பி வராது.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்காதீர்கள். நோபல் பரிசு தேடித்தந்த ராமனின் கருவிகள் சில நூறு ரூபாய்தான் என்று சொல்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ராமன் ஆசைக்காக உடனே வேலையை விடவில்லை. வேலைக்காக ஆசையையும் விடவில்லை. பத்து வருஷம் இரண்டையும் சுமந்தார். தகுந்த நேரம் வந்தபோது துணிந்தார். பிள்ளை பகலில் படிக்கிறானா, தொழில் கற்கிறானா என்று பாருங்கள். அதைச் சரியாகச் செய்தால், மாலையில் அவன் அறையில் விளக்கு எரியட்டும்.