குட்டி நாற்காலி டாக்டர்!

குட்டீஸ், உங்கள் தம்பியோ, தங்கையோ படிக்கும் எல்.கே.ஜி. வகுப்பை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? குட்டி மேஜை, குட்டி நாற்காலி, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, கலர் கலராக மரக்கட்டைகள்... அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தால் முட்டி வந்து மோவாயில் இடிக்கும்!

இப்படி ஒரு வகுப்பை நூற்றிருபது வருடங்களுக்கு முன்பு தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். பெரியவர்களுக்குச் செய்த பெஞ்சில், கை கட்டி, வாய் பொத்தி, ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஒரு டாக்டர் அம்மா. பெயர், மரியா மாண்டிசோரி. இத்தாலி நாட்டுக்காரர். ஆனால், நம் அடையாறிலும் கொடைக்கானலிலும் சில வருடங்கள் குடியிருந்தவர். எப்படி வந்தார் என்று கேட்கிறீர்களா? அது பெரிய கதை.

1870, ஆகஸ்ட் 31ல், இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார் மரியா. அப்பா அரசாங்க அதிகாரி. அம்மாவுக்குப் புத்தகம் என்றால் உயிர். சிறுமி மரியா, என்ஜினியர் ஆக ஆசைப்பட்டு, பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ஆசை மாறியது. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாதான் துணை நின்றார்.

ரோம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால், ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்க்கக் கூடாதாம்! எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, பிணங்களுக்கு நடுவே தனி ஆளாக நின்று, அந்தப் பாடத்தைப் படித்தார் மரியா. நமக்கெல்லாம் இருட்டில் மொட்டை மாடிக்குப் போகவே துணைக்கு ஆள் வேண்டும்! 1896ல் டாக்டர் பட்டம் வாங்கினார். (இத்தாலியின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று சில புத்தகங்களில் இருக்கும். அது சரியல்ல, அவருக்கு முன்பே சிலர் இருந்தார்கள்.)

மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மருத்துவமனைகளுக்கு வேலையாகப் போனபோதுதான் அவர் வாழ்க்கையே திசை திரும்பியது. மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளை அங்கே பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு பொருள் கிடையாது. தொட்டுப் பார்க்க, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க எதுவுமே இல்லாத வெறும் அறை. இவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமல்ல, கைக்கு வேலை என்று மரியாவுக்குத் தோன்றியது. கட்டைகள், எழுத்துக்கள் என்று செய்து கொடுத்துப் பழக்கினார். படிப்பே வராது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளில் சிலர், மற்ற பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே தேறினார்கள்! ஊரே பாராட்டியது. மரியாவுக்கோ வேறொரு கவலை. இவர்களே இவ்வளவு செய்தால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் ஏன் பள்ளியில் இவ்வளவு குறைவாகக் கற்கிறார்கள்?

விடை தேட ஒரு வாய்ப்பு வந்தது. ரோம் நகரில் சான் லோரென்சோ என்ற ஏழைகள் வாழும் பகுதி. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். வாண்டுகள் மாடிப்படியில் ஓடி, சுவரெல்லாம் கிறுக்கி வைத்தன. கட்டடக்காரர்களுக்குச் சுவரைப் பற்றிய கவலை! பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள மரியாவைக் கேட்டனர். 1907, ஜனவரி 6ல், ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுடன், 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

அங்கே மரியா அதிகம் பேசவில்லை, கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக் கொண்டிருந்தாள். முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். சுற்றிலும் மற்ற பிள்ளைகளைப் பாட வைத்துப் பார்த்தார் மரியா. அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜை மேல் வைத்தார். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்! நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போல் சிரித்தபடி எழுந்தாள். குழந்தைகளுக்குக் கவனம் நிற்காது என்று யார் சொன்னது?

இன்னொரு நாள், மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம்! சிரிக்காதீர்கள். மூக்கு ஒழுகுகிறது என்று குழந்தைகளை எல்லாரும் திட்டுவார்கள். எப்படிச் சிந்துவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கைக்குட்டையால் சத்தமில்லாமல் சிந்திக் காட்டினார் மரியா. முடித்ததும் குழந்தைகள் கை தட்டினார்களாம், நாடகம் பார்த்த மாதிரி. அவர்களுக்கும் மானம், மரியாதை உண்டு என்று அன்று புரிந்தது அவருக்கு.

எழுத்து சொல்லித் தந்த விதம் இன்னும் சுவை. உப்புத்தாளில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் அதன் மேல் விரலை ஓட்டி, அந்த எழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும். விஜயதசமி அன்று அரிசியில் உங்கள் விரலைப் பிடித்து எழுத வைத்தார்களே, நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதேதான். மாதக்கணக்கில் இப்படித் தடவிக் கொண்டிருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம், ஒருநாள் மொட்டை மாடியில் சாக்பீசைக் கொடுத்து, எதிரே இருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன், திடீரென்று தனக்கு எழுதத் தெரியும் என்று கத்தியபடி, தரையில் 'கை' என்ற சொல்லை எழுதினான். அடுத்து 'புகைபோக்கி', அடுத்து 'கூரை'! மற்றவர்களும் சாக்பீசுக்குப் பறந்தார்கள்.

செய்தி உலகமெங்கும் பரவியது. அமெரிக்கா, ஸ்பெயின், ஹாலந்து என்று மாண்டிசோரி பள்ளிகள் முளைத்தன. வெளியே இவ்வளவு புகழ். உள்ளே ஒரு வேதனை. மரியாவுக்கு மரியோ என்று ஒரு மகன். அன்றைய சமுதாயக் கட்டுப்பாடுகளால், அவனைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்திருந்தார். ஊரார் பிள்ளைகளுக்காக உழைத்தவர், தன் பிள்ளையை அவ்வப்போது போய்த்தான் பார்க்க முடிந்தது. பதினைந்து வயது வாக்கில்தான் மரியோ தாயுடன் வந்து சேர்ந்தார். அதன் பிறகும் வெளியில் மகன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இத்தாலியில் சர்வாதிகாரி முசோலினி, முதலில் ஆதரித்தார். பிறகு 1934ல் பள்ளிகளை மூடினார். மரியா ஸ்பெயினில் தங்கினார். 1936ல் அங்கே உள்நாட்டுப் போர். ஹாலந்து போனார். 1939ல், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேல் அழைப்பை ஏற்று, மகனுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். அப்போது வயது 69! கீற்றுக் கொட்டகைகளில் சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940ல் இத்தாலி, பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. அவ்வளவுதான், இருவரும் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள்! மரியோவை முகாமில் அடைத்தனர். மரியா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகத் தடை. ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். என்ன பரிசு தெரியுமா? மகனையே விடுதலை செய்தது வைஸ்ராய் அரசு. அதுவும், அவரது மகன் என்றே குறிப்பிட்டு! அத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத உறவை அரசாங்கமே சொல்லிவிட்டது.

பிறகு கொடைக்கானல் வாசம். அங்கே தாயும் மகனும் ஒரு சிறு பள்ளி நடத்தினார்கள். செடி, பூச்சி, மண், நட்சத்திரம் எல்லாமே அங்கு பாடம்தான். 1946ல் ஐரோப்பா திரும்பினாலும் மறுபடி இந்தியா வந்தார். இங்கே ஆற்றிய உரைகள், 1949ல் அடையாறிலிருந்து புத்தகமாக வந்தன.

1952, மே 6ல் ஹாலந்தில் கடலோர ஊர் ஒன்றில், 81 வயதில் மரியா காலமானார். 1990ல் இத்தாலி வெளியிட்ட 1,000 லிரா நோட்டில் அவர் முகம் உண்டு. பின்பக்கம் படிக்கும் பிள்ளைகள். 2002ல் யூரோ வந்த பிறகு அந்த நோட்டு புழக்கத்தில் இல்லை. பழைய நோட்டு சேர்க்கும் மாமா யாராவது இருந்தால், அவர் ஆல்பத்தில் தேடிப் பாருங்கள்!